மாமனாருக்கு இடம் பார்த்த படலம்

என் மாமனாரை எந்த முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அறிவித்தேன். கூட்டத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவள் என் மனைவி மார்லிஸ். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரி, நீயே முடிவு பண்ணு" என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்ட எந்த விஷயமும் என் இஷ்டப்படி நடந்ததில்லை.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். மினசோட்டா மாநிலத்தில், எங்கள் நார்ட்விக் ஊரில், ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதித்து மார்க் போடுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வுபெறும் வரைக்கும் ஊரில் பாதிப் பேரைப் பெயிலாக்கியிருக்கிறேன். மீதிப் பாதி பயந்துபோய் சைக்கிள் வாங்கிவிட்டது. மொத்த சர்வீசில் இரக்கப்பட்டுப் பாஸ் போட்டது ஒரே ஒரு பெண்ணுக்கு. வண்டியைப் பின்னால் எடுத்துக் கம்பத்தை இடித்தவள். அவள்தான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பத்துக்குக்கூட அவ்வளவு சேதமில்லை. எனக்குத்தான்.

மாமனார் டோர்வால் எண்பத்தாறு வயதுப் பால் பண்ணைக்காரர். மாட்டுக் கொட்டகை வாசலில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஆனால் இனிமேல் பண்ணையில் தனியாக இருக்க முடியாது. எங்கள் வீட்டிலோ குளியலறை மாடியில். அதைவிடப் பெரிய கவலை, மனிதர் ஆஸ்பத்திரியில் இளைத்துக்கொண்டே போனார். தட்டு வருவது போலவே திரும்பிப் போனது. "பசிக்கல" என்பார். சாப்பிடாவிட்டால் எலும்பு ஒன்றுசேராது, ஆள் வசந்தத்தைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். அன்று மார்லிஸ் காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் வெகுநேரம் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். என் நல்ல மனசை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

நல்ல மனசுக்குள் ஒரு சின்ன ஏரியும் இருந்தது.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு முதியோர் இல்லத்துக்கும் அரசாங்கமே நட்சத்திரம் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. சுத்தம், ஆட்கள், நோயாளிகளின் நிலை, எல்லாம் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை. எங்களுக்குத் தோதான ஊர்களில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். பெயர் 'வெள்ளி ஏரி இல்லம்'. நாற்பது மைல் தூரம். ஏரிக்கரையிலேயே கட்டியிருக்கிறார்கள். அந்த ஏரியில் குளிர்காலத்தில் உறைபனியைத் துளைத்துத் தூண்டில் போட்டால் வால்ஐ என்கிற ருசியான மீன் முழங்கை நீளத்துக்கு வரும். வாராவாரம் சனிக்கிழமை மாமனாரைப் பார்க்கப் போவேன். பார்ப்பேன். நலம் விசாரிப்பேன். பிறகு கொஞ்சம் காற்று வாங்குவேன். காற்று வாங்கும் கையில் தூண்டில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

"எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள் மார்லிஸ். "நானும் கூட வருவேன். மத்தியானச் சாப்பாட்டு வேளைல போவோம். அன்னிக்குக் காலைல நீ ஒண்ணும் சாப்பிடக் கூடாது."

"நான் எதுக்குப் பட்டினி?"

"அங்க சாப்பாடு எப்படின்னு பாக்க வேணாமா? வயிறு முட்டச் சாப்பிட்டவன் போடற மார்க் சரியா இருக்குமா? நீயெல்லாம் பெரிய எக்ஸாமினர்."

நியாயமாகப் பட்டது. உத்தியோகத்தைச் சொல்லி உசுப்பிவிட்டால் நான் கிணற்றில்கூடக் குதிப்பேன்.

புதன்கிழமை வெள்ளி ஏரிக்குப் போனோம். கண்ணாடிக் கூரை, பியானோ, சுவர் அகலத்துக்கு மீன்தொட்டி. கெய்லீ என்ற பெண் வரவேற்றாள். அவ்வளவு வரிசையான பற்களை நான் பார்த்ததில்லை. மேஜையில் இலவங்கப்பட்டை மணக்கும் சூடான ரொட்டிச் சுருள்கள் அடுக்கியிருந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்காத வயிறு அந்தப் பக்கமே இழுத்தது.

"காபியும் ஒரு ரோலும் எடுத்துக்கறீங்களா?" என்றாள் கெய்லீ.

"வேண்டாம், பரவால்ல" என்றேன்.

இதைக் கேட்டு யாரும் என்னை முட்டாள் என்று நினைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டதுமே கை நீட்டுகிறவன் நல்ல குடும்பத்துப் பிள்ளையே இல்லை. முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால், சரி, இவ்வளவு சொல்றீங்களே என்று எடுத்துக்கொள்வோம். அம்மா பால் கொடுக்கும்போதே பழகிவிடுகிற விஷயம் இது.

"ஓகே" என்றாள் கெய்லீ. தட்டு போய்விட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் வறுத்த மீன் மணந்தது. "எங்களோட சாப்பிடறீங்களா?" என்றாள்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"உங்க சௌகரியம்" என்று சொல்லி, அடுத்து நீச்சல் குளத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். தண்ணீரைப் பார்த்ததும் சூப் ஞாபகம் வந்தது.

திரும்பும்போது கார் ஓட்டியவள் மார்லிஸ். "பசிக்குதா? வழில எங்கயாவது நிறுத்தவா?" என்றாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப சரி." நாற்பது மைலும் நிறுத்தவில்லை. வீட்டில் தினமும் மூன்று தடவை கேட்கிறவளுக்கு அன்று என்ன வந்ததென்று புரியவில்லை. இருந்தாலும் நான் நேர்மையானவன். வெள்ளி ஏரிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு போட்டேன்.

வெள்ளிக்கிழமை, மறுபடி வெறும் வயிற்றோடு, எல்ம் தெரு இல்லம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மூன்று நட்சத்திரம்தான். கதவு கிறீச்சிட்டது. கம்பளம் என் வயது இருக்கும். மீன்தொட்டியும் இல்லை, பியானோவும் இல்லை. வாசலில் ஒரு தாத்தா தன் நடைவண்டியை என் கால் மேல் ஏற்றிவிட்டு, "பாத்து நட" என்று எனக்கே புத்தி சொன்னார். அவருக்கு உரிமம் கொடுத்தது யாரோ.

தலைமை நர்ஸ் ஹோதன் என்கிற பெண். சோமாலியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவள், பச்சை முக்காடு, கணீரென்ற குரல். சாப்பாட்டு நேரத்தில் அவளே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பெரிய தட்டில் ஹாட்டிஷ். அடியில் மாட்டுக்கறியும் காளானும், மேலே பொன்னிறமாக உருளைக்கிழங்கு.

"உக்காருங்க, சாப்பிடலாம்."

"வேண்டாம், பரவால்ல."

"கொஞ்சமாச்சும்?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"எனக்கு என்ன சிரமம், நானா சமைச்சேன்? கண்ணு பூரா தட்டு மேல இருக்கு, வாய் மட்டும் வேண்டாம்ங்குது. உக்காருங்கன்னா உக்காருங்க."

உட்கார்ந்தேன். பிறகு நடந்ததை நான் விவரிக்க விரும்பவில்லை. இரண்டு தட்டு, ஒரு எலுமிச்சைக் கேக். கேக்குக்கு அவள் மூன்று தடவை கேட்க வேண்டி வரவில்லை. என் கண்ணைப் பார்த்தே வைத்துவிட்டாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் "எனக்கு வேண்டாம்மா" என்றார். ஹோதன் தட்டை எடுக்கவில்லை. அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து கேட்டாள். போனாள், மறுபடி வந்தாள். பெரியவர் பெருமூச்சு விட்டு, யாருக்கோ உபகாரம் செய்கிறவர் போல முள்கரண்டியை எடுத்தார்.

மார்லிஸ் மட்டும் ஒன்றும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரையும் இப்படித்தான் கேப்பீங்களா?" என்றாள்.

"எங்க வீட்டுல வேண்டாம்னு சொன்னா ரெண்டு கரண்டி கூட வைப்பாங்க. அதே பழக்கம்."

"சனி ஞாயிறுல? ராத்திரில?"

"இதே ஆளுங்கதான். இங்க வந்தவங்க யாரும் வேலைய விட்டுப் போறதில்ல."

மார்லிஸ் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கிறாள் என்று அப்போது நான் கவனிக்கவில்லை. கேக்கைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தீர்ப்பு வாசித்தேன். "வெள்ளி ஏரி தொண்ணூத்தி நாலு. எல்ம் தெரு அறுபத்தொண்ணு. கதவு, கம்பளம், என் கால் கட்டைவிரல், எல்லாத்துக்கும் மார்க் குறைச்சிட்டேன். உங்கப்பாவுக்கு வெள்ளி ஏரிதான்."

"ரொம்ப நன்றி, ஹார்லன்" என்றாள். "அப்பா செவ்வாய்க்கிழமை எல்ம் தெருவுக்குப் போறார்."

"நான்தானே முடிவு பண்றதுன்னு பேச்சு?"

"நீதான் பண்ணின. எங்க சாப்பிட்ட?"

"எல்ம் தெருவுல."

"வெள்ளி ஏரில ஏன் சாப்பிடல? பசிக்கலயா?"

"பசில உயிர் போச்சு. அந்தப் பொண்ணு திரும்பக் கேக்கவே இல்லையே."

"எங்கப்பாவையும் யாரும் திரும்பக் கேக்கறதில்ல" என்றாள் மார்லிஸ். "ஆஸ்பத்திரில எல்லாரும் நல்லவங்கதான். வேணுமான்னு ஒரு தடவை கேக்கறாங்க. அவர் பரவால்லங்கறார். மரியாதையா தட்டை எடுத்துட்டுப் போயிடறாங்க. பசி இல்லைன்னு டாக்டர் எழுதிட்டார். நானும் நம்பிட்டேன். போன ஞாயித்துக்கிழமை நான் மூணு தடவை கேட்டேன், ஒரு கிண்ணம் கஞ்சியை முழுசாக் குடிச்சார். எந்த இல்லத்துல மூணு தடவை கேப்பாங்கன்னு எந்த நட்சத்திரமும் சொல்லாது. அவரைத் தூக்கிட்டு ஊர் ஊராப் போக முடியாது. அவரை மாதிரியே பட்டினி கிடந்தாலும் வாயத் திறக்காத ஆள் ஒருத்தர் வேணும். வீட்டுலயே இருந்தது."

பரிசோதகன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். பரிசோதனை எலியே நான்தான்.

"ஆனா வெள்ளி ஏரிலயும் ஒண்ணு ரெண்டு நல்ல..." என்று இழுத்தேன்.

"வால்ஐ நல்லா கிடைக்குமாமே?"

"யார் சொன்னா?"

"பனி துளைக்கிற மெஷினைக் கார் டிக்கில வச்சுட்டு முதியோர் இல்லம் பாக்கப் போறவன் நீ ஒருத்தன்தான். ஒவ்வொரு திருப்பத்துலயும் கடகடன்னுது."

நான் எழுந்து டிக்கியைக் காலி செய்யப் போனேன்.

டோர்வால் எல்ம் தெருவுக்குப் போனார். முதல் வாரமே தட்டு காலியாகத் திரும்ப ஆரம்பித்தது. மார்ச்சில் நடைவண்டி பிடித்து வாசல் வரை வந்தார். "இடம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "மோசமில்ல" என்றார். எங்கள் ஊரில் இதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கல்யாண மேடையில் என்னைப் பார்த்தும் அதைத்தான் சொன்னார்.

ஹோதனின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். நட்சத்திரத்தை மட்டும் பார்த்திருந்தால் மாமனாரைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே பட்டினி போட்டிருப்பேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னொன்றும் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் என்னை ஒருத்தி மூன்று தடவை கேட்டிருக்கிறாள். நான் ஒரு நாளும் பசியோடு எழுந்ததில்லை. உள்ளே போனதும் அவளிடம் அதைச் சொன்னேன். "இவ்வளவு வருஷமா கேட்டியே, மார்லிஸ். நீ நல்லா இருக்கணும்" என்றேன்.

அவள் முகம் சிவந்து போயிற்று. கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"ஹோதன் இன்னிக்கு ஒரு உதவி கேட்டா. சனிக்கிழமை காலைல பெரியவங்களுக்குப் பிங்கோ விளையாட்டு. எண் கூப்பிட சத்தமான ஆள் வேணுமாம். உன்னைச் சொல்லிட்டேன்."

"சனிக்கிழமையா? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவையும் கேட்டா. அப்புறம் எப்படி மறுக்கறது?"

"என்னால முடியாது" என்றேன் கண்டிப்பாக. சொல்லிவிட்டு, அவள் இரண்டாவது தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

மார்லிஸ் சனிக்கிழமைக்காக என் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.