அஜக்ஸ் மாமாவுக்கு வைத்த கம்போ

டொரான்டோ,
20 அக்டோபர் 1975

மரியாதைக்குரிய அக்கா அன்னத்துக்கு, தம்பி அழகேசன் எழுதிக்கொள்வது. இங்கு நான் இரண்டு ஸ்வெட்டருக்குள் சுகம். விருதுநகரில் நீயும் அத்தானும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று, உன்மேல் உள்ள கோபத்தையும் மீறி, வேண்டிக்கொள்கிறேன்.

கோபம் எதற்கென்றால், "என் தம்பி சமைத்தால் தெருவே மணக்கும்" என்று பெண் வீட்டில் சொல்லி வைத்தாயே, அதற்கு. நான் சமைத்து நீ எப்போது சாப்பிட்டாய்? அதை நம்பித்தான் கல்யாணியின் தாய்மாமன் ரகுநாதன், இங்கே பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கியிருப்பவர், "ஞாயித்துக்கிழமை உங்க கையால சாப்பிட வர்றேன் தம்பி" என்று போன் போட்டார். அவர் தலையசைத்தால்தான் கல்யாணம் என்று எழுதியவளும் நீதான். கல்யாணி போட்டோவை மூன்று மாதமாகச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன் அக்கா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சாம்பார் வைத்தால் குறை கண்டுபிடிப்பார், தெரியாத பதார்த்தம் என்றால் பேசாமல் சாப்பிடுவார் என்று யோசித்தேன். ஆபீஸில் ஹென்றி என்று ஒருவர், அமெரிக்காவின் லூசியானாக்காரர். கோழி, சாசேஜ், வெண்டைக்காய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டு, சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் கம்போ என்கிற அவர் ஊர்க் குழம்பை, ரொம்பச் சுலபம் என்று எழுதிக்கொடுத்தார். முதலில் மைதாவை எண்ணெயில் கறுக்க வறுக்கணுமாம். கறுத்ததும் எனக்கு மனசு கேட்காமல், கருகிப்போச்சு என்று கொட்டிவிட்டேன். வெண்டைக்காயை நம் வீட்டு வழக்கப்படி துடைத்து, காயவைத்து, புளித்தண்ணீர் தெளித்து, துளி வழவழப்பு இல்லாமல் வதக்கி எடுத்தேன். கடைசியில் சட்டிக்குள்ள கோழி ஒரு பக்கம், சாசேஜ் ஒரு பக்கம், நடுவுல வெறும் தண்ணி. ஹென்றிக்குப் போன் போட்டால், அந்த வழவழப்புதான் குழம்பைக் கெட்டியாக்குமாம். அதைப் பாடுபட்டுப் போக்கினவனை அவர் இப்பத்தான் கேள்விப்படுறாராம். வேற வழியில்லாம நீ அனுப்பின ரசப்பொடியை அள்ளிப் போட்டேன்.

வந்த மனுஷர் உட்காரவே இல்லை. கோட்டை மாட்டுகிறேன் என்று அலமாரியைத் திறந்து, என் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். குளியலறைக்குப் போனவர் வெகுநேரம் வரலை. பிறகு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"இது என்ன தம்பி?"

"கம்போங்க."

"நான் லூசியானாவுல மூணு வருஷம் படிச்சவன்" என்றார். அசல் கம்போவைச் சாப்பிட்டவருக்கா இதை வச்சேன் அக்கா!

"சமைக்கக் கூடமாட ஒத்தாசைக்கு யாராச்சும் வர்றதுண்டா?"

"யாரும் இல்லைங்க, நானேதான்."

"தெரியுது" என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆகவே கல்யாணியின் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. வேறு பெண்ணும் பார்க்க வேண்டாம், எனக்கு மனசில்லை. அத்தானுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு முத்தங்களும் சேரட்டும்.

உன் ஆசிக்குக் காத்திருக்கும் தம்பி,
அழகேசன்

பி.கு.: கவரை ஒட்டும் முன் ரகுநாதன் மாமா போன் செய்தார். "ஊருக்குத் தந்தி குடுத்துட்டேன், தையில கல்யாணம். அஞ்சு வருஷமாத் தனியா இருக்கிற பையன், எவளோ ஒரு வெள்ளைக்காரி வந்துபோறாளோன்னு கல்யாணியோட அம்மாவுக்கு ஒரே பயம். உங்க குழம்பை ஒரு வாய் சாப்பிட்டேன், சந்தேகம் தீர்ந்துபோச்சு. அந்த அடுப்பங்கரையில பொம்பளை காலடியே பட்டிருக்காது" என்றார். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. ஜாதகத்தைப் பத்திரமாக வை. தை மாதம் வரை நான் சமையல் கற்றுக்கொள்வதாக இல்லை.