பழைய படம் இருக்கா?

ஹால் கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், உள்ளே உட்காரவும் இடமில்லை, நிற்கவும் இடமில்லை என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

நிதானம் மேடம் நகராமல் அவர் முன்னாலேயே நின்றாள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து உடம்புக்கு என்னவென்று எழுதிக் கொடுக்கும் டாக்டர் அவள். அந்த வேலையில் தொடர வேண்டுமானால் டாக்டர்களும் அவ்வப்போது வகுப்புக்குப் போய், புதிதாக வந்திருப்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கான புள்ளிகளைச் சேர்த்தாக வேண்டும். புள்ளி குறைந்தால் டாக்டர் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். இந்தத் தடவை அவள் எல்லா வகுப்பையும் கோட்டை விட்டிருந்தாள். மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

கோட்டை விட்டதற்கெல்லாம் ஒரே காரணம்தான். இன்று காலையிலும் கைப்பையைத் தோளில் மாட்டிய பிறகு, முந்தின நாள் வந்த பெரியவரின் நெஞ்சுப் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். பழைய படம் இருக்கா என்று கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெரியவருக்கு ஒன்றும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் மூச்சு நின்றது.

நிதானம் என்பது சீஃப் வைத்த பெயர். சீஃப் என்றால் படப்பிரிவின் தலைவர். மற்ற டாக்டர்கள் கூடை கூடையாகப் படம் பார்த்துத் தள்ளும் நேரத்தில் இவள் ஒரு கைப்பிடி பார்ப்பாள். சீஃப் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், மேடம் நிதானமே உருவானவர் என்று மீட்டிங்கில் சொல்ல, பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. இப்போது வார்டு பையன்களிலிருந்து சமையலறை அம்மா வரை அதுதான் பெயர். வீட்டுக்காரரும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சீஃப் ஹாலுக்குள்ளே முதல் வரிசையில் இருந்தார். வகுப்பில் ஒரு புது மெஷினைக் காட்டப் போகிறார்கள், படத்தைப் போட்டால் தானே பார்த்துத் தானே ரிப்போர்ட் எழுதுமாம், பிடித்திருந்தால் வாங்கிவிடலாம் என்று ஒரு வாரமாகப் பிரிவு முழுக்கப் பேச்சு. வாங்கினால் யாருக்கு வேலை குறையும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

திரும்பிப் போய்விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்து ஒருவர் பாய்ந்து வந்தார். மெஷின் கம்பெனியின் இன்ஜினீயர். நடுத்தர வயது, வழுக்கைத் தலை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தவர் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் போனை அப்படியே அணைத்தார்.

"டாக்டர், நீங்க ரேடியாலஜிஸ்டா? எல்லாப் படமும் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன். கொஞ்சம் மெதுவா பார்ப்பேன்."

"பரவாயில்ல டாக்டர். வாங்க, வாங்க."

ஹாலை ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, பெரிய திரை, கீபோர்டு. ஹாலில் இடமில்லாதவர்களுக்கு இது பயிற்சி அறை என்றார். ஹாலில் போடுகிற படமெல்லாம் இங்கேயும் வரும், பார்த்து மனதில் படுவதை அடித்து அனுப்பினால் போதும் என்றார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு வருவார்கள் என்றார். புள்ளி கிடைக்குமா என்று கேட்டதற்கு, கேட்டு முடிப்பதற்குள் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினார்.

அதாவது மெஷினும் அவளும் ஒரே படத்தைப் பார்க்கப் போகிறார்கள். அவள் நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் படம் ஒரு பெண்ணின் நெஞ்சு. கழுத்தோரம் நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல். பார்த்தவுடனே கட்டி என்று எழுதத் தோன்றும். நிதானம் மேடம் எழுதவில்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். மூக்குக்கண்ணாடியில் மூச்சுப் பட்டு மங்கிவிட்டது. திரையின் மூலையில் 'பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று எழுத்துகள் மின்ன ஆரம்பித்தன. பதறிப்போய், கொஞ்சம் பொறுங்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன் என்று அடித்து அனுப்பினாள்.

பக்கத்து ஹாலில் ஒரு பெரிய சிரிப்பு எழுந்து அடங்கியது. பேசுகிறவர் நன்றாகப் பேசுகிறார் போலிருக்கிறது, நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தாள்.

இப்போது தெரிந்தது. அந்த நிழல் நெஞ்சுக் கூட்டுக்குள் அடங்காமல் கழுத்துக்கு மேலும் ஏறிப் போயிற்று. உள்ளே ஒழுங்காக முறுக்கு முறுக்காகக் கோடுகள். கட்டி இல்லை, தோளில் விழுந்து கிடக்கும் பின்னல். முடியைத் தூக்கிக் கட்டச் சொல்லி மறுபடி படம் எடுக்கவும் என்று அடித்தாள். அனுப்பினாளோ இல்லையோ, ஹாலில் கைதட்டல் பொரிந்தது.

மெஷின் முந்திவிட்டது. அதுவும் ஒரே ஒரு மூச்சு வித்தியாசத்தில்.

அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. இவள் அனுப்பு பொத்தானை அழுத்துவதற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. ஒரு தடவையாவது முந்திவிடலாம் என்று நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தும் பலிக்கவில்லை. போட்டியில் பக்கத்திலேயே மூச்சு வாங்காமல் ஓடி வருகிறவனைப் பார்ப்பதுபோல அவளுக்கு அந்த மெஷின்மேல் முதலில் எரிச்சல் வந்தது, பிறகு பயம் வந்தது, இடைவேளைக்கு முன்னால் மரியாதையே வந்துவிட்டது.

இடைவேளையில் காபி மேசையருகே சீஃப் அகப்பட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. தாமதமாக வந்ததற்குத் திட்டக்கூட மறந்துவிட்டார்.

"அது பார்க்கற அழகை நீங்க பார்க்கணும் மேடம். அவசரமே படல. ஒவ்வொரு படத்தையும் எவ்வளவு நேரம் யோசிக்குது தெரியுமா? ஹாலே மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கு."

அவசரப்படாமல் பார்ப்பது நல்லதா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதுதானே மேடம் முக்கியம்," என்றார், அவளுக்கு நிதானம் என்று பெயர் வைத்த மனிதர். "ஒரு இடத்துல, பழைய படம் இருக்கான்னு கேட்டுது. ஒரு மெஷின் கேக்குது மேடம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

அவளுக்கும் புல்லரித்தது. படிக்கிற காலத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. அதைக்கூட யாரோ அந்த மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் மனுஷருக்கென்று என்ன மிச்சம்? மெஷின் நடுவில் ஒரு ஜோக் வேறு அடித்தது என்று சீஃப் ஆரம்பித்தார். அதற்குள் யாரோ கூப்பிட, காபியோடு போய்விட்டார்.

சின்ன அறைக்குத் திரும்பியபோது ஒரு முடிவோடு வந்தாள். நிதானத்தை மூட்டை கட்டி வைப்பது. வேகத்தில் ஒரு தடவையாவது அதை ஜெயிப்பது.

திரையில் ஒரு வயிற்றின் ஸ்கேன். வலது பக்கம் அடிவயிற்றில் வலி என்று மட்டும் குறிப்பு. படத்தை ஓடவிட்ட மாத்திரத்தில் குடல்வால் வீக்கம் என்று அடித்து, அனுப்பியும் விட்டாள். ஹாலில் சத்தமே இல்லை. முந்திவிட்டோம் என்று ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. மறுகணம் உறைத்தது. குடல்வாலை அவள் பார்க்கவே இல்லை. இருக்கும் என்று நினைத்து எழுதிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

படத்தின் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான். வலியோடு படுத்திருக்கிறான். அவன் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள்.

உடனே, தப்பு, நான் சொன்னது தப்பு, மறுபடியும் பார்க்கிறேன் என்று அடித்தாள். புள்ளியாவது மண்ணாங்கட்டியாவது. ஒவ்வொரு அடுக்காக நகர்த்தினாள். குடல்வால் சமர்த்தாக, மெல்லிசாக, தன் இடத்தில் சுருண்டு கிடந்தது. அதற்குப் பின்னால், சிறுநீர் இறங்கும் குழாயில், கடுகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கல். கத்தி வேண்டாம், தண்ணீரும் மருந்தும் போதும் என்று எழுதி அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

ஹாலில் எழுந்த கைதட்டலில் சுவர் அதிர்ந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றே தட்டுகிறார்கள். மெஷின் எடுத்த எடுப்பிலேயே கல்லைக் கண்டுபிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வருத்தமாக இல்லை. அந்த ஆள் பிழைத்தான், அது போதும்.

கடைசியாக ஒரு நெஞ்சுப் படம் வந்தது. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இதயம் வலது பக்கம், கல்லீரல் இடது பக்கம். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. இடது வலது என்று குறித்திருக்கும் அடையாளமும் இல்லை. சுவருக்கு அப்பால், திருப்பிப் போட்டிருக்காங்க, திருப்பிப் போட்டிருக்காங்க என்று பல குரல்கள்.

அவளும் அதையே எழுதப் போனாள். விரல் கீபோர்டைத் தொடும்முன் கண் ஒரு இடத்தில் நின்றது. அந்த மனிதரின் தோள்பட்டைக்குக் கீழே, அடிக்கடி மருந்து ஏற்ற வேண்டியவர்களுக்குத் தோலுக்கு அடியில் பதிக்கும் சின்ன வில்லை. வில்லையில் பொறித்த எழுத்து இரண்டு. படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள்.

எழுத்துகள் நேராக இருந்தன. தடங்கலில்லாமல் வாசிக்க முடிந்தது.

படம் சரியாகத்தான் இருக்கிறது. மனிதர்தான் அப்படி. இதயம், வயிறு, கல்லீரல் எல்லாம் ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்டு பக்கம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மாறி உட்கார்ந்தும் ஒன்றுக்கும் வழி தவறவில்லை. ரத்தம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, மூச்சு வர வேண்டிய இடத்துக்கு வருகிறது. இந்த மனிதர் பிறந்து, நடந்து, சண்டை போட்டு, சிரித்து, இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். புத்தகத்தில் படித்திருக்கிறாள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கியது. நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூலையில் எழுத்துகள் மின்னி மின்னி ஓய்ந்தே போய்விட்டன.

கடைசியில் அடித்தாள். படம் திரும்பவில்லை. வில்லையில் உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள். இவர் இப்படியே பிறந்தவர். இவ்வளவு அழகான நெஞ்சை நான் பார்த்ததில்லை.

ஹாலில் இந்தத் தடவை கைதட்டல் வரவில்லை. வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு அந்த அமைதி புரிந்தது. கோயிலுக்குள் போனால் குரல் தானாகத் தணிகிறதே, அந்த மாதிரி அமைதி. மெஷினும் எழுத்தைப் பார்த்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

வகுப்பு முடிந்து கூட்டம் கலைந்தபோது சீஃப் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. தப்பைத் தானே ஒத்துக்கொள்கிற மெஷினை இன்றுதான் பார்த்தேன், நம் ஆட்களில் யாராவது ஒத்துக்கொள்வார்களா என்று ஆரம்பித்து, கடைசிப் படத்துக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெஷினை அவளுடைய அறையில்தான் வைக்கப்போவதாகச் சொன்னார். அவள் இனிமேல் படம் பார்க்க வேண்டியதில்லை. அது எழுதுவதில் கையெழுத்துப் போட்டால் போதும். பாதி நாள் வந்தாலே அதிகம்.

"நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்? மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

அவள் சொல்ல வேண்டியதை உண்மையாகச் சொல்லியே பழகியவள்.

"வாங்கிடுங்க சார். நோயாளிங்களுக்கு நல்லது."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஒரு மதிப்பு இருந்தது. வேகமாக நடந்து போனார்.

அவளுக்கு உடனே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலி ஹாலுக்குள் நுழைந்தாள். மேடையில் ஆளுயரத்துக்குச் சாம்பல் நிற அலமாரி மாதிரி நின்றிருந்தது. கிட்டே போய், தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சில்லென்று இருந்தது. நாள் முழுக்க இத்தனை வேலை செய்தும் கொஞ்சம்கூடச் சூடாகவில்லை. அவளுக்கு அதைப் பார்த்து இன்னும் பிரமிப்பாக இருந்தது.

படத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறதை மட்டும் மறந்துவிடாதே என்று அதனிடம் மெல்லச் சொன்னாள்.

மேடைக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த இன்ஜினீயர் அவளைக் கண்டதும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"டாக்டர், மெஷின் காலையில படுத்தது இன்னும் எந்திரிக்கல. நாளைக்கு அடுத்த ஊர்ல டெமோ இருக்கு, அங்கயும் நீங்களே வந்து டைப் பண்ணிக் குடுத்துடறீங்களா?"