உப்புக்காற்று விதியை வாபஸ் பெறுவது குறித்து

தேவிபட்டினம்,
வெள்ளிக்கிழமை

மதிப்புமிக்க சம்பந்தி வீரமணி அவர்களுக்கு, பெண் கொடுத்த இருளாண்டி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகேஸ்வரியும் நலம். கோட்டை நலமில்லை. அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளை சூர்யாவும், ஏழாம் மாதத்தில் இருக்கும் என் மகள் கோகிலாவும் நலமாயிருக்க, எங்கள் ஊர்க் கடலுக்குள் கல்லாய் நிற்கும் ஒன்பது கிரகங்களையும் வேண்டிக்கொள்கிறேன். போனில் ஆறு தடவை கூப்பிட்டும் எடுக்காததால் தபாலில் எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு நடந்ததற்கு நான்தான் காரணம் என்று மகேஸ்வரி சொல்கிறாள், இருக்கலாம். பிள்ளைகள் கல்யாணம் முடிந்து நாம் இருவரும் பேச விஷயமில்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த ஓர் அங்குல ஈயப் பொம்மை வீரர்கள்தான் நம்மைச் சேர்த்துவைத்தார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, 1772இல் நடந்த இராமநாதபுரம் கோட்டை முற்றுகையை எங்கள் சாப்பாட்டு மேசையில் பகடை உருட்டி நடத்துகிறோம். வெள்ளைக்காரக் கும்பினிப் படை தங்களுக்கு, கோட்டை எனக்கு. பதினான்கு முறை கோட்டை விழுந்தது. பெண்ணைக் கொடுத்தவன் பகடையில் ஆறு விழுந்தாலும் மூன்று என்று சொல்லி எடுத்துவிட வேண்டியதுதானே, அப்படித்தான் செய்துவந்தேன்.

இந்த முறை தாங்கள் முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே, பம்புசெட் மோட்டாரின் பழைய நட்டு போல்ட்டில் செய்த ஆறு இரும்பு ஆட்களையும், பெயிண்ட் டப்பா மூடியில் செய்த பறக்கும் தட்டையும் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். "சம்பந்தி, இவங்க வேற கிரகத்துலருந்து கும்பினிக்கு உதவியா வாராங்க" என்றீர்கள். "ஒம்பது கிரகமும் இங்கன தண்ணிக்குள்ளதான நிக்கிது, இவங்க எது?" என்று கேட்டேன். "பத்தாவது" என்றீர்கள். சரி, வந்தவர்களை வா என்பதுதான் நம் வழக்கம். ஆனால் வந்தவர்கள் ஒரே ஒளிக்கதிரில் வளரி எறியும் என் நாற்பது வீரர்களையும் மேசையை விட்டே எடுத்துவிட்டார்கள். என் வீரர்களுக்கு மீசை வரைய, ஆபரேஷன் செய்த கண்ணோடு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அலுப்பில்தான் சொன்னேன், இரும்பு ஆள் என்றால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், சுற்றுக்கு ஓர் ஆளைக் கழிக்க வேண்டும் என்று. "அவங்க ஊரு இரும்பு துருப்பிடிக்காது" என்றீர்கள். "எங்க ஊர்ல ஜன்னல் கம்பியே நிக்காது சம்பந்தி" என்றேன். அடுப்பில் மீன்குழம்பு கொதிக்க, கை நனைக்காமல், கொண்டுவந்த படையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள்.

நேற்று கோகிலா போன் செய்தாள். "அய்யா, மாமா இங்கன யார்ட்டயும் பேச மாட்டேங்குறாக. வளகாப்புக்கு நாள் குறிக்கச் சொன்னா மொகத்தத் திருப்பிக்கிறாக. நான் எப்பத்தான் நம்ம வீட்டுக்கு வாரது? அந்தக் கோட்டைய விட்டுக்குடுத்துத் தொலைங்களேன்" என்றாள். தலைப்பிரசவம். அவள் வந்து படுக்க வேண்டிய அறைக்கு மகேஸ்வரி போன மாதமே வெள்ளையடித்துவிட்டாள்.

ஆகவே உப்புக்காற்று விதியை வாபஸ் பெறுகிறேன். ஒளிக்கதிரைச் சுற்றுக்கு இரண்டு தடவை விட்டுக்கொள்ளுங்கள். பதினைந்தாவது முறையும் கோட்டை விழுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தோற்பது எனக்குப் பழகிவிட்டது, தோற்ற கையோடு சிரித்த முகமாகக் காபி கொடுப்பதுதான் இந்த வயதில் முடியவில்லை. அதையும் செய்கிறேன். நாள் குறிக்க வாருங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும், வயிற்றில் இருப்பதற்கும் எங்கள் ஆசி.

தங்களிடம் என்றும் தோற்கும்,
இருளாண்டி

பி.கு.: கடிதத்தோடு தங்கள் படையையும் பார்சல் கட்டலாம் என்று, ஐந்து நாளாக ஜன்னலோர மேசையிலேயே கிடந்ததை இப்போதுதான் எடுத்தேன். நான்கு ஆட்களின் கால்கள் துருவாக உதிர்ந்துவிட்டன. தட்டு மேசைத்துணியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. பத்தாவது கிரகத்துக்கும் எங்கள் ஊர்க் காற்றுதான் போலிருக்கிறது. கோகிலாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, "அய்யா, இனிமே விட்டுறாதீங்க. மாமாவ நான் கூட்டிட்டு வாரேன்" என்றாள். எனவே மேலே எழுதியதில் வணக்கத்தையும் ஆசியையும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடவும். கோட்டை விழவில்லை. மீன்குழம்பு மறுபடி வைக்கிறோம்.