சாம்பிள் பார்த்துவிட்டுச் சொல்லுங்க

இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். அதை முழு மனதோடு நம்பியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கேரள எல்லை மலையில், உடும்பஞ்சோலைக்குக் கீழே, எங்கள் ஏலக்காட்டு ஊரில் இருந்தார்.

'இந்த லிங்க்கை அமுக்கினால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று யாராவது அனுப்பினால் அமுக்கிவிடுவார். அமுக்கியதோடு விடமாட்டார். நாம் மட்டும் சம்பாதித்தால் நன்றாகவா இருக்கும் என்று, போனில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பிவைப்பார். சர்ச் ஃபாதருக்கு வரும். மாரியம்மன் கோயில் பூசாரிக்கு வரும். கறிக்கடைக்காரருக்கு இரண்டு முறை வரும். அதனால் அவர் லிங்க் அண்ணன். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அதற்கு முன்னால் அவர் ட்ரிப் ஜீப் ஓட்டினார். காலையில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்களை மலையேற்றி, சாயங்காலம் இறக்கிவிடும் ஜீப். ஒருநாள் அந்த ஜீப் கடைசி வளைவில் நின்றது; நின்றது நின்றதுதான். "இனிமே ரோடு வேணாம், நெட்டு போதும்" என்று அறிவித்துவிட்டார். அவர் மனைவி செல்வராணி மதினி அப்போது ஏலச்செடித் தட்டைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "நெட்டுல சோறு வருமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று: ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் பாறை. எம்.காம். முடித்திருந்த நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். யாரோ யாரிடமோ போனில் பேசியதைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கிற ஆன்லைன் வேலை எனக்கு. லிங்க் அண்ணன் ஒன்பது மணிக்கு வருவார். இஸ்திரி போட்ட சட்டை, குடை, டிபன் பாக்ஸ். வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஆபீஸ் என்றால் டிபன் பாக்ஸ் வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடிக்காக முழங்கால் வரைக்கும் உப்பும் புகையிலைத்தூளும் தேய்த்துக்கொண்டு வருவார். எந்த ஐ.டி. கம்பெனியிலும் ஊழியர்கள் இப்படித் தயாராகி வருவதாக நான் கேள்விப்பட்டதில்லை. மேலுக்குச் சரியில்லை என்றால் மதினியிடம் லீவு சொல்லிவிட்டுத்தான் படுப்பார்.

முதலில் சர்வே. கேள்விக்குப் பதில் சொன்னால் காசு என்றார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிற சமாச்சாரம். இவர் உண்மையைச் சொல்லத் தொடங்கினார். 'அடுத்த ஆறு மாதத்தில் சொகுசுக் கார் வாங்கும் எண்ணம் உண்டா?' என்று வந்தது. பாறையிலிருந்து இறங்கி, மதினியைக் கேட்டுவிட்டு, மறுபடி ஏறி வந்து, 'இல்லை' என்று அமுக்கினார். மதினி சொன்னதை முழுக்க அமுக்க அதில் இடமில்லை. அரைமணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, 'நீங்கள் இந்தச் சர்வேக்குத் தகுதியானவர் இல்லை' என்று முடித்துவிட்டார்கள். அவர் கோபப்படவே இல்லை. வில்லேஜ் ஆபீஸில் வரிசையில் நின்று பழகிய மனிதர். "பாத்தியா பாப்பா, இதுவும் முறையான ஆபீஸுதான்" என்றார்.

அடுத்து, படம் பார்த்து அடையாளம் காட்டும் வேலை. கட்டம் கட்டமாகப் படம் வரும். மலை எதில் இருக்கிறதோ அதைத் தொட வேண்டும். இவர் எதையுமே தொடவில்லை. தப்பு என்றது. மறுபடி கொடுத்தது. மறுபடியும் தொடவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். நாலு கட்டத்தில் பச்சைப் பசேல் என்று மலை.

"அண்ணே, இதெல்லாம் மலைதான?"

"இது மேடு பாப்பா. மலையின்னா எனக்குத் தெரியாதா?"

கம்ப்யூட்டர் அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. கடைசிவரை அது தன் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு வீடியோ சேனல் தொடங்கினார். முதல் வீடியோவில், "வணக்கம் நண்பர்களே, இப்ப நம்ம பாக்கப்போறது..." என்று கையை நீட்டினார், மலை மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கி மூடிக்கொண்டது. பதினைந்து நிமிடம் வெள்ளைத் திரையிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "அந்தா தெரியுது பாருங்க" என்று அவர் காட்டிக்கொண்டே போனார். பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர், தன் போனுக்கு ஸ்க்ரீன் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக் கீழே எழுதியிருந்தார்.

ஆனால் அவரை ஏமாளி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மாதம் இத்தனை சம்பளம், வேலைக்குச் சேர முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவன் போன் செய்தான். படித்த ஆட்களே கவிழ்ந்த இடம் அது. லிங்க் அண்ணன் நிதானமாக, "முன்பணம் கட்டலாம் சார். அதுக்கு முன்னாடி உங்க சம்பளத்துல ஒரு சாம்பிள் அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவன் எவ்வளவோ பேசிப் பார்த்தான். இவர் சாம்பிளை விட்டு நகரவில்லை. கடைசியில் அவன்தான் இவரை ப்ளாக் செய்தான்.

இந்த சாம்பிள் எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஏலக்காய் தேசத்தில் சாம்பிள் பார்க்காமல் யாரும் எதையும் வாங்குவதில்லை. வியாபாரி வருவார், மூட்டைக்குள் கையை விடுவார், ஒரு பிடி அள்ளுவார், உள்ளங்கையில் குலுக்கிப் பார்ப்பார், ஒன்றை உரித்துக் கடிப்பார், மீதியைப் பையில் போட்டுக்கொண்டு, "பாத்துட்டுச் சொல்றேன்" என்று போய்விடுவார். அதற்குக் காசு கேட்பது, வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு பில் நீட்டுவது மாதிரி. வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். பார்த்து முடித்த சாம்பிளைத் தரையில் கொட்டிவிடுவார்கள். செருப்புக்குக் கீழே ஏலக்காய் நொறுங்கும்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. நெட்டிலிருந்து ஒரு பைசாவும் வரவில்லை. மதினி குத்தகைக்கு எடுத்த துண்டுக் காட்டில் ஒற்றை ஆளாகக் கிடந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசராக இருந்த அவருடைய அண்ணன், மாப்பிள்ளைக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். கடைசிக் காய் எடுப்பு முடிந்த அன்று மதினி தீர்ப்புச் சொன்னார்.

"இதுல ஒரு மூட்ட உங்களுக்கு. நெட்டுல வித்துக் காட்டுங்க. மூட்ட தீந்தும் காசு வரலேன்னா எங்கண்ணன்கூட வண்டி ஏறணும். பேச்சு மாறக் கூடாது."

லிங்க் அண்ணனின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். அவரால் சமவெளியில் இருக்க முடியாது. ஒரு கல்யாணத்துக்காகத் தேனியில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்து, "எல்லாப் பக்கமும் ஒரே மட்டமா கெடக்கு பாப்பா. எங்கிட்டு சாஞ்சு நிக்கிறதுன்னே தெரியல" என்று புலம்பிய மனிதர். திருப்பூர் போனால் ஒரு வாரத்தில் படுத்துவிடுவார். அது மதினிக்கும் தெரியும். ஆனால் ஒற்றை ஆளாக மருந்து டப்பாவைத் தூக்கும் தோளுக்கு அதைவிட நன்றாகத் தன் பாரம் தெரியும்.

உடனே அவருக்கு ஆன்லைன் கடை ஒன்று திறந்து கொடுத்தேன். படமெல்லாம் நானே எடுத்தேன். என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்ல, நான் தட்டினேன்: 'சாம்பிள் இலவசம். தபால் செலவு எங்களுடையது. கையில் பார்த்து, கடித்துப் பார்த்து, பிடித்திருந்தால் எத்தனை மூட்டை என்று சொல்லுங்கள்.' அதில் குறை இருப்பதாக எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. ஏலக்காட்டில் பிறந்தவளுக்கு எப்படித் தோன்றும்?

போன் அதிர்ந்த அதிர்வில் பாறையிலிருந்து உருண்டு விழப் பார்த்தது. சென்னை, கோவை, மதுரை, பெங்களூர் எங்கிருந்தும் முகவரிகள். லிங்க் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் வியாபாரக் கணக்கில் சாம்பிள் கட்டினார், தாராளமாக இரண்டு பிடி. போஸ்ட் ஆபீஸ் சேச்சி தராசை எங்கள் பக்கமாகவே திருப்பி வைத்துவிட்டார். மூட்டை மெலிந்துகொண்டே வந்தது. அவர் பூரித்துக்கொண்டே போனார். "இதுல பாதிப் பேரு மூட்ட சொன்னாலும், காய்க்கு எங்கிட்டுப் போறது?" என்று கவலைப்பட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் வேறு சொல்லி வைத்தார்.

யாரும் மூட்டை சொல்லவில்லை. மூட்டை அடி தட்டிய அன்று திருப்பூர் மச்சானும் வந்து இறங்கிவிட்டார். பாறைக்கே ஏறி வந்தார், பளபளப்பான ஷூவோடு.

"கெளம்புவமா மாப்ள?"

"ஒரு அஞ்சு நிமிசம் மச்சான். பார்ட்டிககிட்டப் பேசிட்டு வந்துர்றேன்."

ஒரு பார்ட்டிக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில். கோயம்புத்தூரில் ஓர் அம்மா எடுத்தார்.

"சாம்பிள் எப்படிம்மா இருக்கு?"

"அருமையா இருக்குதுங்க. டப்பாவத் தொறந்தா ஊடே மணக்குதுங்க."

லிங்க் அண்ணன் மச்சானைப் பார்த்த பார்வையில் நாலு தோட்டம் இருந்தது. "அப்ப எத்தன மூட்டம்மா போடட்டும்?"

"மூட்டையா? ஏனுங்க, ஊட்ல நாங்க நாலே பேருங்க. நீங்க அனுப்புனதே ஒரு வருசத்துக்கு வருமுங்க."

"ஒரு வருசமா? டீக்கு எவ்வளவும்மா போடுவீங்க?"

"ரெண்டுங்க."

"ரெண்டு கிலோவா?"

"ரெண்டு காயிங்க."

கீழே ஸ்டோரில் யாரோ காயைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். லிங்க் அண்ணன் பிறந்ததிலிருந்து ஏலக்காயை மூட்டையாகவும், குவியலாகவும், செருப்புக்கு அடியிலும்தான் பார்த்திருக்கிறார். மனிதர்கள் அதை எண்ணிப் போடுகிறார்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கும்தான். எங்கள் வீட்டு டீயில் ஸ்டோர் கூட்டின உடைசலை அம்மா கையால் அள்ளிப் போடுவார்.

போனில் அந்த அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை வீட்டுக்கும் இதேபோல ஒரு பொட்டலம் வேண்டுமாம், என்ன விலையாம்.

"விலையெல்லாம் இல்லம்மா. அது சாம்பிளு."

"சும்மா வாங்குனா நல்லாருக்குமுங்களா? சொல்லுங்க, இப்பவே போட்டு உடறேன்."

"சாம்பிளுக்குக் காசு வாங்குனா நாளைக்கு வண்டன்மேட்டுல எவனும் என்கூட நின்னு டீ குடிக்க மாட்டாம்மா. வேணாம்."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மறுத்தார். பை வீட்டில் கட்டித் தயாராக இருக்கிறது, மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார், ஒரு வார்த்தை 'சரி' என்றால் ஊரிலேயே இருக்கலாம். அந்த வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவில்லை. நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து போனைப் பிடுங்கியது. பையைக் கொடுப்பதற்காக ஏறி வந்த மதினி.

"அம்மா, அவரு வாங்க மாட்டாரு. நான் வாங்குவேன். இதே நம்பருக்குப் போட்டு விடுங்க."

'டிங்' என்றது போன். மதினி அதைப் புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினார். "சாம்பிளையே வித்துத் தொலைக்க வேண்டியதுதான? இதுக்கு ஒரு வருசமா? எறங்குங்க, மிச்சக் காயக் கட்டணும்."

"அப்ப திருப்பூரு?" என்றார் மச்சான். அவரை யாரும் கவனிக்கவில்லை. ஷூவுக்குள் நாலைந்து அட்டை ஏறியிருந்ததை அவரே அப்போதுதான் கவனித்தார். அடுத்த பஸ்ஸுக்கே இறங்கிவிட்டார். மலையைப் பற்றி அவர் அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இப்போது கடையை மதினி நடத்துகிறார். இரண்டு பிடிப் பொட்டலம், விலை போட்டு, கறாராக. குடும்பஸ்தர்கள் கூட்டமாக வாங்குகிறார்கள். லிங்க் அண்ணனுக்குப் பொட்டலம் கட்டும் வேலை. ஒன்பது மணிக்கு, அதே இஸ்திரி சட்டை, அதே டிபன் பாக்ஸ். ஆனால் சாம்பிளை விற்கிற பாவம் அவரை விடவில்லை. அதனால் ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் மதினிக்குத் தெரியாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் கொஞ்சம் காயை மடித்து, 'சாம்பிள்' என்று எழுதி வைத்துவிடுகிறார். தெரியாமல் என்பது அவருடைய நம்பிக்கை. இன்டர்நெட்டுக்கு அடுத்து அவர் நம்புவது இதைத்தான்.

நான் கொச்சியில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். இங்கே சிக்னலுக்குப் பாறை ஏற வேண்டாம். போன மாதம் மற்றவர்களைப்போலக் காசு கட்டி, அவர்கள் கடையில் ஒரு பொட்டலம் ஆர்டர் போட்டேன். பார்சல் வந்தது. உள்ளே நான் வாங்கிய பொட்டலம் சின்னதாக ஒரு மூலையில் கிடந்தது. மீதி இடம் முழுக்க சாம்பிள்.

இப்படிச் செய்தால் வியாபாரம் உருப்படுமா என்று போன் போட்டுத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. வாங்கியதை டீயில் போட்டுத் தீர்த்துவிட்டேன். சாம்பிளை ஆபீஸ் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நெட் மெதுவாகும்போதெல்லாம் எடுத்து மோந்து பார்க்கிறேன்.