கோடிச் சேலை போய்ச் சேர்ந்த வீடு

மரியாதைக்குரிய மாமா ராசாங்கம் அவர்களுக்கு, வேப்பந்தட்டையிலிருந்து உங்கள் மைத்துனன் வீரமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம், அங்கு நலமா என்று எழுதிவிட்டு, அக்கா போய் ஒன்பது நாள்கூட ஆகாத வீட்டுக்கு இப்படி எழுதுகிறோமே என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவது தாளிலும் கை தானாக அதையே எழுதியது. இது மூன்றாவது தாள். போனில் சொல்லலாம் என்றால் என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். என் வீட்டுக்காரி பரிமளாவின் போனிலிருந்து கூப்பிட்டேன், "அலோ" என்ற என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் முதல் பக்கத்தையாவது படிப்பீர்கள்.

அன்றைக்கு உங்கள் வாசலில் ஊரே நிற்க, "பொறந்த வூட்டுக் கோடி இல்லாமயே அவ போய்ட்டா. இனிமே கருமாதிக்கும் நீ வர வேணாம்" என்று சொன்னீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. தம்பி வீட்டுச் சேலை மேலே விழாமல் அக்காவை எடுக்கக் கூடாது என்று மூன்றரை மணி வரைக்கும் காத்திருந்தீர்களாம், பரிமளா சொன்னாள். நான் வந்தது நாலேகாலுக்கு, அதுவும் வெறுங்கையோடு. சேலை எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சேலை வாங்கினேன் மாமா. பெரம்பலூரில் ஜவுளிக்கடை திறப்பதற்கு முன்பே ஷட்டருக்கு எதிரில் நின்று, அக்காவுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்டது வாங்கினேன். கடைப் பெண் "யாருக்குங்க சார், என்ன வயசு?" என்றாள். அறுபத்தாறு என்றேன். "இவ்ளோ பளிச்சுன்னு எடுத்தீங்கன்னா அப்புறம் கட்டவே மாட்டாங்க சார்" என்றாள். ஆமாம்மா, கட்டமாட்டாங்க என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், சேலை பிடிக்கவில்லை போல என்று இன்னும் நாலைந்தை எடுத்து விரித்தாள்.

எறையூர் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் கரும்பு லாரிகளுக்கு எடை போட்டு, ரிட்டையரான பிறகு கார் ஓட்டப் பழகியவன் நான். அதனால் பரிமளா, "செத்த வூட்டுக்குப் போற வழியில இன்னொரு சாவு வேணாம், நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். மூன்று பஸ் மாறி அவள் பதினொன்றரைக்கே உங்கள் வீட்டில் இருந்தாள். நான் போனில் வழி சொல்லும் அந்தப் பெண்ணை நம்பிக் கிளம்பினேன். அரியலூர் வரைக்கும் அவளும் ஒழுங்காகத்தான் சொன்னாள். அங்கே சிமெண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். பழைய புத்தி, ஒவ்வொரு லாரியையும் பார்த்து இது முப்பது டன், இது அளவுக்கு மேலே ஏற்றியது என்று மனசு எடை போட ஆரம்பித்துவிட்டது, ஜெயங்கொண்டத்துக்குத் திரும்ப வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது. சுற்றித் திரும்பி, ஜெயங்கொண்டம் தாண்டி, எப்படியோ முந்திரிக்காட்டுக்குள் இறங்கிவிட்டேன். அங்கே சிக்னல் போய்விட்டது. அவள் கடைசியாகச் சொன்னது, இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும் என்று. வலது பக்கம் முந்திரி மரம்தான் இருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், ஊர்ப் பெயரைச் சொல்லாமல், "சாவு வூடு எங்கங்க?" என்று கேட்டது என் முட்டாள்தனம். "நேராப் போங்க, கொட்டுச் சத்தம் கேக்கும்" என்றார். கேட்டது. போனேன்.

பந்தல் போட்டிருந்தது, கொட்டு முழங்கியது. தட்டில் சேலை, மஞ்சள், குங்குமம், பூவோடு நான் காரிலிருந்து இறங்கியதும் கொட்டுக்காரர்கள் எதிர்கொண்டு வந்தார்கள். "பொறந்த வூட்டுக் கோடி வந்துடுச்சு" என்று பெண்கள் குரல் எடுத்தார்கள். எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. சேலையைப் போர்த்திவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்காவின் வலது குதிகாலில் ஒரு தழும்பு உண்டு, உங்களுக்குத் தெரியும். ஏழு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குக் கரும்புக் கொல்லை வழியாக ஓடினாளே, அப்போது வெட்டின கரும்புக்கட்டை ஏறியது. அந்தத் தழும்பைத் தேடித் தடவினேன். இல்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் அது வேறு ஒரு அம்மா.

மருதாயி என்று பெயராம். மகள் கொளஞ்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்குப் பொறந்த வூட்டுல யாருமே இல்லன்னு நெனச்சோம். கோடி யாரு போடுறதுன்னு காலையிலேர்ந்து பேச்சு. நீங்க எந்த ஊருங்க?" என்றாள். வேப்பந்தட்டை என்றேன். "இம்மாந்தூரத்துல ஒரு மாமா இருக்காருன்னு சொல்லாமலே போய்ட்டியேம்மா" என்று அவள் புதிதாக ஒருமுறை அழ ஆரம்பித்தாள். போட்ட கோடியை நான் எப்படி எடுப்பேன், சொல்லுங்கள். பிறந்த வீட்டு ஆள் என்று சுடுகாட்டு முனை வரைக்கும் என்னை முன்னால் நடக்கவைத்தார்கள். முடித்துவிட்டு வந்து காரில் கிடந்த போனைப் பார்த்தால், பரிமளா இருபத்தேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அங்கே விசாரித்தபோதுதான் தெரிந்தது, உங்கள் ஊர் நாலே கிலோமீட்டர்.

எல்லாம் இந்தக் கண்ணாடியால் வந்தது. என் மகள் பிரவீணா கல்யாணப் பத்திரிகையில் அத்தை மாமா இடத்தில் உங்கள் பெயர் விட்டுப்போனதும் இதனால்தான். அச்சகத்தில் கண்ணாடி இல்லாமல் புரூப் பார்த்துவிட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன், நீங்கள் நம்பவில்லை. பதினோரு வருடம் அக்காவை என் வாசலுக்கு அனுப்பவில்லை. நானும் ரோஷத்தில் வந்து கூப்பிடவில்லை. போன தை மாதம் அவள் யாருடைய போனிலிருந்தோ பேசினாள். "நல்லாருக்கியாடா" என்றாள், "நல்லாருக்கேன்" என்றேன். அத்தோடு இரண்டு பேரும் வைத்துவிட்டோம்.

பதினாறாம் நாளுக்கு வர அனுமதி கொடுங்கள். இன்னொரு அரக்குச் சேலை எடுத்துவைத்திருக்கிறேன். படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடாமல்கூடத் திரும்பிவிடுகிறேன்.

உங்கள் மகன் அரவிந்தனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் என் ஆசி. சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், எடுத்துக் கொடுக்க இனி அவள் இல்லை.

உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
வீரமுத்து.

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். அந்த வீட்டு முனையில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் மருதாயி என்ற பெயரும் அந்த அம்மாவின் முகமும் இருந்தன. காருக்குள் இருந்தபடியே படித்தேன். அக்கா வீடு இல்லை என்று தெரிந்துதான் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் பதினோரு வருடம் பார்க்காத முகத்தை அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை மாமா. தெரியாத அம்மாவின் காலைப் பிடித்து அழ முடிந்தது. தழும்பு இருக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். இல்லை என்றதும், அக்கா இன்னும் சாகவில்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதற்காக அவளை மூன்றரை மணி வரைக்கும் காக்கவைத்துவிட்டேன்.

கண்ணாடியை நான் கழற்றவே இல்லை. அச்சகத்திலும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளையைப் பற்றி நீங்கள் குறை சொன்ன கோபத்தில் உங்கள் பெயரை நானே பேனாவால் அடித்தேன்.

இதையும் படித்த பிறகு வரலாம் என்று தோன்றினால், பரிமளா போனுக்கு ஒரு மிஸ்டு கால் போதும். பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.