ஆளணி அதிகாரி நாற்காலி

புவாத்தை எங்கே அனுப்பித் தொலைப்பது என்று ஜெயராசாவுக்குப் பிடிபடவில்லை.

பதுளையில் தம்பையா முதலாளியின் கட்டடக் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவர்தான் ஆளணி கிளார்க். மேசன், தச்சன் என்று ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, விலகுகிறவனுக்கு விடுவிப்புக் கடிதம் எழுதுவது எல்லாம் அவர் கையில். பொங்கலுக்கு ஆளணி அதிகாரி என்று புதுப் பதவி வருகிறது. அது தனக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லியும் விட்டார்.

அந்த நேரம் பார்த்து உதவிக்கு வந்து சேர்ந்தான் புவாத். வந்த வாரமே முதலாளி அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஜெயராசா இன்றுவரை அந்தக் காரின் கதவைக்கூடத் தொட்டதில்லை. புவாத் பேரில் வரும் எந்தக் கடிதத்தையும் தன் கண்ணில் காட்டக்கூடாது என்று டைப்பிஸ்ட்டிடம் சொல்லி வைத்தார்.

"தம்பி, பசறை ஃபெக்டரிக் கூரை வேலைய தச்சனுங்க நிறுத்திட்டானுங்க. போய்ப் பேசிட்டு வாங்க."

"அண்ணே, என் விஷயமா ஒரு வார்த்தை..."

பதவி கேட்க வந்துவிட்டானா? "மொதல்ல போயிட்டு வாங்க!"

பேசப் போனவர்கள் எல்லாம் திட்டு வாங்கித் திரும்பிய இடம் அது. புவாத் மறுநாளே சிரித்துக்கொண்டு வந்தான்.

"மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகைதாண்ணே கேட்டாங்க. போட்டுக் குடுத்துட்டேன்."

"இவன்தான்யா ஆளு!" என்று முதலாளி மேசையைத் தட்டினார்.

அடுத்து, பூனாகலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் கட்ட மூன்றே நாளில் நாற்பது ஆள் வேண்டும் என்று ஜெயராசா அவனை விரட்டினார். புவாத் அறுபது பேரைச் சேர்த்துவிட்டான். தோட்டத்துத் துரை பாராட்டி முதலாளிக்குக் கடிதமே எழுதினார். ஜெயராசா அதை நான்கு தடவை படித்தார்.

வெலிமடையில் இன்னொரு கம்பெனி ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டதும் அவருக்கு உயிர் வந்தது. உடனே உட்கார்ந்து எழுதினார்: 'புவாத்தைப் போல் ஒருவர் ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். தயவுசெய்து இவரை எடுத்துக்கொள்ளுங்கள்.'

அந்தக் கம்பெனிக்காரர் தம்பையா முதலாளியின் மச்சான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கடிதம் முதலாளிக்கு டெலிபோனில் வரிவிடாமல் வாசிக்கப்பட்டது.

முதலாளி நேராக ஜெயராசாவின் மேசைக்கே வந்தார். "உங்க மனசு யாருக்கு வரும்! உங்களுக்கா, அவனுக்கான்னு குழம்பிக்கிட்டிருந்தேன். நீங்களே தீர்த்து வச்சிட்டீங்க. புவாத்தான் ஆளணி அதிகாரி. இப்பதான் அவன்கிட்ட சொன்னேன். கொஞ்சம் யோசிச்சான், அப்புறம் சரின்னுட்டான். நியமனக் கடிதத்த நீங்களே எழுதிருங்க."

அவர் போனதும் ஜெயராசா டைப்பிஸ்ட் சந்திரகாந்தியைக் கூப்பிட்டார்.

"அந்தப் புவாத்தோட ஃபைல எடும்மா."

அவள் ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள்.

"மொதல்ல இதுக்குப் பதில் போடணும் சார். பண்டாரவளையில மாமா கடைக்குப் போறேன்னு அவரு வந்த ரெண்டாவது வாரமே குடுத்த ராஜினாமா. விடுவிப்புக் கடிதத்துக்குத்தான் இவ்வளவு நாளும் காத்துக்கிட்டிருந்தாரு. புவாத் பேருல எந்தக் கடுதாசியும் என் கண்ணுல படக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லி வச்சீங்க?"