ஓடுகிற காரைத் தள்ளிய கதை

மாரிக்குப்பம்,
கோலார் தங்க வயல்.
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பிற்குரிய மருமகன் உதய்க்கு,

மாமா காத்தவராயன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை நளினி, உன் புதுக் கார், என் பழைய கார் ஆகிய நால்வரும் சுகம். ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசினால், நான் முதல் உதாரணத்தை முடிப்பதற்குள் "சரி மாமா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அத்தை இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள்.

நீ இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். ஆயுத பூஜையன்று காலை உன் கார் இருபது நிமிடம் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போனதாக உன் செல்போன் காட்டுகிறதே, அது ஏன் என்பது ஒன்று. நீ இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருக்கப் போவதால் புதுக் கார் என்னிடமே இருக்கட்டும், ஷெட்டில் ஒன்றுக்குத்தான் இடம், எனவே பழையதை விலைக்குக் கேட்டு இன்று பார்க்க வரும் பெங்களூர் மனோகருக்குக் கொடுத்துவிடலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு யோசித்துப் பதில் எழுத வேண்டும். முதலாவதற்குப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்கள் மைன் லைனில் ஒரே வரிசையாக இருபத்திரண்டு வீடுகள். பூஜையன்று ஒரு வீட்டு வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் மற்ற இருபத்தொரு வீடும் வாசலுக்கு வந்து நிற்கும். உன் காரைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்து, நான் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். சார்ஜ் நிறைய இருந்ததால் எஞ்சின் வாயே திறக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கற்பூரம் அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பாவை உனக்குத் தெரியும். மைனில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை ஓட்டியவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே நாள் நட்சத்திரம் சொல்லக்கூடியவர். அவர் ஜன்னலருகே குனிந்தார்.

"இன்னா சார், ஸ்டார்ட் ஆவலியா?"

"ஆயிடுச்சு கிருஷ்ணப்பா."

"இன்னா ஆயிடுச்சு? சத்தத்தையே காணோமே."

"இது கரண்ட்ல ஓடுதுப்பா. வீட்ல கரண்ட் அடுப்பும் இருக்கு, கேஸ் அடுப்பும் இருக்குன்னு வெச்சுக்கோ. கரண்ட் இருக்கிற வரைக்கும் எதுக்குக் கேஸைப் பத்த வெக்கணும்?"

"அடுப்புக் கதையெல்லாம் அப்புறம் சொல்லுங்க சார். புது வண்டியாச்சேன்னு கௌரவம் பாக்காதீங்க. ஏய், வாங்கப்பா நாலு பேரு!"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் கார் வரும்வரை என் பழைய காரை இந்த லைன்தான் தினமும் காலையில் தள்ளிக் கிளப்பியது. பல் விளக்குவது மாதிரி அவர்களுக்கு அது பழக்கம். நான் "வேணாம், வேணாம்" என்று கத்துவதும் பழக்கம் என்பதால் யாரும் காதில் வாங்கவில்லை. பின்னால் நான்கு ஜோடிக் கைகள் பதிந்தன. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நான்கு பழமும் நசுங்கின. ஒரே கைதட்டல்!

"எங்க ஊட்டு ஆளு கை வெச்சா மலையே நவுரும்!" என்றாள் கிருஷ்ணப்பாவின் மனைவி பாப்பம்மா.

"இன்னா லேசு சார் இது! பழசுக்கு எட்டு பேரு வேணும். இதுக்கு நாலு பேரே மிச்சம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இப்போது என் நிலைமையைப் பார். வேகமாகப் போனால் நான்கு பேரும் முகம் குப்புற விழுவார்கள். பிரேக் போட்டால் நான்கு மூக்கும் டிக்கியில் மோதும். எனவே அவர்கள் நடைக்கு என் நடையாக, மாரியம்மன் கோயில் மேடு வரை ஓட்டினேன். உன் செல்போன் சொன்ன நான்கு கிலோமீட்டர் இதுதான். மேட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். கார் சிரமமே இல்லாமல் ஏறியது. கோயில் வாசலை அடைந்ததும், காருக்குள் என்ன கணக்கோ, எஞ்சின் தானாகவே உறுமிக்கொண்டு எழுந்தது. "ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று கிருஷ்ணப்பா துண்டைத் தூக்கிப் போட்டு ஆடினார். பூசாரி மணியை அடித்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பாப்பம்மா அதில் சர்க்கரைப் பொங்கலை வைத்துவிட்டாள்.

இனி இரண்டாவது கேள்வி. உன் கார் முதல் பெஞ்சு மாணவன். பேத்தமங்களா போய் வர கரண்டே போதும். கோலாருக்குப் போகவும் அதுவே போதும், திரும்பும்போதுதான் கொஞ்சம் பெட்ரோல் கேட்கும். வேலூருக்குப் போனால் வழியில் சார்ஜ் தேடி அலைய வேண்டாம். பெட்ரோல் பங்க் டெய்சி என்னைப் பார்த்து ஒன்றரை மாதமாயிற்று; கடைத்தெருவில் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். குறையும் உண்டு. எங்கே போனாலும் பேட்டரி, எஞ்சின் என்று இரண்டு சமையலறையையும் சுமந்துகொண்டு போகிற கார் இது. சார்ஜ் போடச் சோம்பல்படுகிறவன் இதை வாங்கவே கூடாது. வீட்டுச் சாப்பாட்டை கேரியரில் தூக்கிக்கொண்டு போய், அதைத் திறக்காமல் ஹோட்டலில் சாப்பிடுவதற்குச் சமம்.

பழையது கடைசி பெஞ்சு. சொன்னதைக் கேட்காது. ஆனால் மனதில் இருப்பதை மறைக்காது. இருமினால் கார்ப்புரேட்டர், விக்கினால் பிளக். ஒரு முழம் கம்பியும் அத்தையின் கிழிந்த புடவைத் துண்டும் இருந்தால் வைத்தியம் முடிந்தது. உன் காருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறது; படித்துப் பார்த்தால், பெங்களூருக்குக் கூட்டிப் போ என்கிறது.

இருந்தாலும் எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது. அந்த ஸ்டியரிங்கைத் திருப்பினால் இரண்டு நாள் தோள் வலிக்கிறது. மழை பெய்தால் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம் நனைகிறேன். தள்ளுகிறவர்களுக்கும் வயதாகிறது. முப்பத்தொரு வருடம் என்னோடு இருந்த கார் என்பது உண்மைதான். ஆனால் வகுப்பு முடிந்த மாணவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருக்கலாமா? ஆகவே மனோகரிடமே கொடுத்துவிடத் தீர்மானித்துவிட்டேன். இது என் இறுதி முடிவு. சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

பசிக்கும்முன் சாப்பிடு. பனியில் ஓட்டும்போது முன்னால் போகிறவனுக்கும் உனக்கும் நடுவே ஒரு லாரி புகுகிற அளவு இடம் விடு. உன் சம்பளம் போல உன் ஆயுளும் வளரட்டும்.

என்றும் உன் நலம் நாடும் மாமா,
காத்தவராயன்

பின்குறிப்பு: மனோகர் வந்துவிட்டுப் போனார். தங்கமான மனிதர். காரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். ஆனாலும் சாவியைக் கொடுப்பதற்கு முன் ஓட்டத் தெரிகிறதா என்று பார்ப்பது என் கடமை அல்லவா? சின்னதாக ஒரு தேர்வு வைத்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் கியரைத் தேடி அரை நிமிடம் தரையைத் துழாவினார். ரிவர்ஸ் போடச் சொன்னால் வைப்பரைப் போட்டார். கார் நின்றுபோனதும் "ச்சே" என்றார். ஒழுக்கத்துக்கு ஐந்து மதிப்பெண் குறைத்தேன். மொத்தம் நூற்றுக்கு முப்பத்து நான்கு. "ஒரே ஒரு மார்க்குங்க, போட்டுத் தொலைங்களேன்" என்றாள் உன் அத்தை. வாத்தியாராக இருந்த காலத்திலேயே நான் கருணை மதிப்பெண் போட்டதில்லை. இந்த வயதில் போடுவேனா? மார்ச்சில் மறுதேர்வுக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதுவரை பழையது ஷெட்டில் இருக்கும். உன் காருக்கு நல்ல தார்ப்பாயாகப் பார்த்து அனுப்பு. மார்ச் கேள்வித்தாளை இப்போதே தயாரிக்கத் தொடங்கிவிட்டேன். கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும்.